அப்பாவின் லைசென்ஸ்

“எங்கப்பா ஓட்டுற லாரியப் பிடிங்க சார்.”

போலீஸ் ஸ்டேஷன் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று சொல்லி வளர்த்தவர் அப்பா. வீட்டின் முதல் பட்டதாரியான நான் அங்கேதான் போய் நின்றேன்.

மேஜைக்குப் பின்னாலிருந்த போலீஸ்காரர் கொட்டாவியை முடித்துவிட்டு நிமிர்ந்தார். “பெத்த அப்பனையே மாட்டி விடுறியாம்மா? நல்ல புள்ள.”

“பிரேக் சரியில்ல சார். முதலாளிகிட்ட சொன்னா, இந்த லோடு போகட்டும்னு நாளக் கடத்துறாரு. நீங்க நிறுத்தினாத்தான் சரி பண்ணுவாரு.”

“உங்கப்பாவே ஓட்ட மாட்டேன்னு சொல்லலாமே?”

“சொன்னா வேலை போயிடும்.”

“நாங்க பிடிச்சா மட்டும்? வண்டி ஓட்டுறவர் மேலயும் கேஸ் விழும். லைசென்ஸை முடக்கிடுவாங்க. முதலாளி அபராதத்தக் கட்டிட்டு வேற டிரைவரத் தேடுவாரு. அப்புறம் வீட்ல சோத்துக்கு?”

“அத நான் பாத்துக்கறேன்.”

நேற்று இறக்கத்தில் லாரி நிற்காமல் போக, மண்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தியிருக்கிறார் அப்பா. ஏதோ சாமர்த்தியம் போலச் சொல்லிச் சிரித்தார். ஆனால் டம்ளரில் இருந்த டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

காலையில் அவர் குளிக்கப் போனபோது சட்டைப்பையிலிருந்து எடுத்த லைசென்ஸை மேஜைமேல் வைத்தேன்.

“முடக்குங்க சார். அதோட விட்டுடாதீங்க, வண்டியையும் பிடிங்க. அடுத்து ஏறப்போறவருக்கும் வீடுவாசல் இருக்கும்.”

போலீஸ்காரர் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது உங்கப்பாவுக்குத் தெரியுமா?”

“இனிமேதான் திட்டு வாங்கணும்” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.