ஒரு வருஷம் பிந்திய கண்ணாடி

கஸ்தூரி வாங்கிய ட்ரெஸ்ஸிங் டேபிளின் கண்ணாடி ஒரு வருஷம் பிந்தியிருந்தது. மறைத்து விற்றார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. செங்கம் ரோட்டில் பழைய மரச்சாமான் கடை வைத்திருந்த மொஹ்சின், தூசி தட்டும்போதே சொல்லிவிட்டார். "மரம் நல்ல மரம்க்கா, டிராயர் எல்லாம் சிக்காம வரும். கண்ணாடிதான் கொஞ்சம் லேட்டு." எவ்வளவு லேட்டு என்று அவள் கேட்டாள். "ஒரு வருஷம். இன்னிக்கு முன்னாடி நின்னீங்கன்னா அடுத்த வருஷம் இதே தேதி, இதே நேரத்துக்குத் தெரிவீங்க." கஸ்தூரி குனிந்து பார்த்தாள். அவள் முகம் தெரிய வேண்டிய இடத்தில், நரைத்த கூந்தலை முடிச்சுப் போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஏதோ ஓர் அறையின் கட்டிலில் கால் நீட்டிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் ஆசிரமத்துக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தவள். பங்குனி வெயிலுக்குப் பயந்து போன வாரம்தான் சாமான்களை மொஹ்சினிடம் போட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தாள். கஸ்தூரி டிராயர்களை இழுத்துப் பார்த்தாள், கால்கள் ஆடுகின்றனவா என்று அசைத்துப் பார்த்தாள். பிறகு, "லேட்டா வர்றதுக்கு ஏத்த மாதிரி வெலைய கம்மி பண்ணுங்க" என்றாள். மொஹ்சின் கம்மி பண்ணினார். அவள் புருஷன் அன்பரசன் அதை ஒரு போர்வையில் சுற்றித் தன் வேனில் ஏற்றினான்.

அன்பரசன் கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே வேன் ஓட்டினான். கல்யாணமான நாள் முதல் மகள் சிந்துஜா படித்து முடித்து ஓசூரில் வேலைக்குச் சேர்கிறவரை, கீழ்பென்னாத்தூர்க் கூட்டுக் குடும்பத்தின் ஹாலில், பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் படுத்து எழுந்தவர்கள் அவர்கள். அடி அண்ணாமலையில் சின்னதாக ஒரு வீடு கட்டியபோது கஸ்தூரி கேட்டது ஒன்றுதான்: கதவு சாத்திக்கொள்ளக் கூடிய ஒரு படுக்கையறை. ஆசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிப்பது அவள் வேலை. ஊர் உலகத்துக்கெல்லாம் மெத்தை விரித்த கை வீட்டில் கோரைப்பாயை விரித்துக்கொண்டிருந்தது. "எனக்குக் கோரைப்பாயே போதும்டி, உனக்கு ஆசையா இருந்தா வாங்கு" என்றான் அன்பரசன். உடம்பு படுகிற சாமானில் கஞ்சத்தனம் கூடாது, கண் மட்டும் படுகிற சாமானில் பண்ணிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. அதனால் மெத்தையைப் புதிதாக, நல்லதாக வாங்கினாள். கட்டில் மொஹ்சின் கடையில் எடுத்த பழைய வேப்பமரக் கட்டில். கூட்டிப் பெருக்க வசதியாக இருக்கட்டும் என்று உயரமான காலுள்ளதாகப் பார்த்து எடுத்தாள். சுவருக்கு, விடுதியில் மிஞ்சிய பெயிண்டுகளைக் கலந்து அடித்தார்கள். நினைத்தது இளம்பச்சை, வந்தது வெள்ளரிக்காயின் உட்புற நிறம், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மிச்சத்தைக் கண்ணாடி கற்றுக்கொடுத்தது. அந்த வருஷம் முழுக்க அதில் வெள்ளைக்கார அம்மாளின் அறைதான் தெரிந்தது. கஸ்தூரி அதைப் பார்த்துப் பார்த்துத் தன் அறையை அமைத்தாள். அந்த அம்மாளின் ஜன்னலில் மெல்லிய துணி தொங்கியது. கஸ்தூரி தன் பழைய காட்டன் புடவைகளை மடித்துத் தைத்து ஸ்கிரீன் போட்டாள். அவள் விளக்குக்கு மேல் கூடை கவிழ்த்திருந்தாள். கஸ்தூரி சந்தையில் மூங்கில் கூடை வாங்கிக் கவிழ்த்தாள், வெளிச்சம் கூசாமல் விழுந்தது. பக்கத்து வீட்டு அன்புச்செல்வியும் இன்னும் சிலரும் முதல் வாரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். பொட்டு வைத்துக்கொள்ள உதவாத கண்ணாடி எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தக்காளி விலை ஏறியதும் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த அம்மாள் கசங்கிய படுக்கையில் குப்புறப் படுப்பாள், மெத்தையிலேயே உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரிப்பாள், மத்தியானமெல்லாம் ஒன்றும் செய்யாமல் கிடப்பாள். சுத்தபத்தம் இல்லாதவள் என்று கஸ்தூரி நினைத்தாள். அந்த அறையில் என்னென்ன இருந்தன என்று பார்த்தவள், அதில் அந்த அம்மாள் எப்படி இருந்தாள் என்பதைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

வருஷம் திரும்பியது. கண்ணாடியில் வெள்ளைக்கார அம்மாள் பெட்டி கட்டிக்கொண்டு போனாள், மொஹ்சினின் கடை வந்தது, ஒரு காலையில் கஸ்தூரியும் அன்பரசனும் வந்து நின்றார்கள். இருவரும் கட்டிலோரம் உட்கார்ந்து தங்களையே பார்த்தார்கள். கண்ணாடிக்குள் கஸ்தூரி டிராயரை இழுத்துக்கொண்டிருக்க, பின்னால் நின்ற அன்பரசன் ஒரு சாமானையும் பார்க்காமல் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "என்னாத்துக்கு அப்டி இளிச்சீங்க?" என்று கேட்டாள். "நீ பேரம் பேசுன அழகுக்கு" என்றான். அவளுக்கு விடுதிக்கு நேரமாகிவிட்டது. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் விடுதி நிரம்பும், கூடுதலாக வேலை பார்த்தால் கூடுதல் சம்பளம். அடுத்து ஒரு நல்ல பீரோ, அதற்கடுத்து தலையணைகள் என்று அவள் யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஐப்பசிப் பௌர்ணமியன்று அன்பரசன் இறந்துபோனான். சாயந்திரம் புதுத் தலையணை உறைகளோடு வீடு திரும்பியவள், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அவன் கிடப்பதைக் கண்டாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். தூக்கத்தில் கட்டிலிலிருந்து விழுந்திருப்பான் என்றார்கள் வந்தவர்கள். உயரமான காலுள்ள கட்டிலாகப் பார்த்து எடுத்தவள் தான்தானே என்று கஸ்தூரி யாரிடமும் சொல்லாமல் நினைத்துக்கொண்டாள்.

காரியம் முடிந்ததும் சிந்துஜா அம்மாவை ஓசூருக்குக் கூப்பிட்டாள். கண்ணாடியைத் துணி போட்டு மூடப் போனவளைக் கஸ்தூரி தடுத்தாள்.

"இத யாருக்காவது குடுத்துடும்மா. இதப் பார்த்துக்கினே இருந்தா நீ எப்டி தேறுவே?"

"உங்கப்பா இருக்காருடி அதுல. போன ஐப்பசியில நல்லாதான் இருக்காரு, பாரு."

அன்பரசன் கண்ணாடிக்குள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். சிந்துஜா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினாள்.

கஸ்தூரி விடுதியில் காலை வேலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மத்தியானங்களில் வீட்டில் இருந்தாள். அவன் உயிரோடு இருந்தபோது அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததே இல்லை. கண்ணாடியில் அன்பரசன் சவாரி முடித்து வந்தான். கட்டிலருகே நின்றான். விடுதியில் பழகிய கையால் அவள் இழுத்துக் கட்டி, மூலைகளைச் செருகி, ஒரு சுருக்கமில்லாமல் விரித்திருந்த பெட்ஷீட்டை ஒரு விரலால் தொட்டான். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து கோரைப்பாயை எடுத்துத் தரையில் விரித்துப் படுத்தான். அவள் வருகிற நேரத்துக்கு முன்னால் எழுந்து பாயைச் சுருட்டி இருந்த இடத்தில் வைத்தான். மறுநாளும் அப்படியே செய்தான். கட்டில் வந்த புதிதில் வேன் தூசியோடு அதில் சாய்ந்தவனை, "அழுக்கோட மேல ஏறாதீங்க, இப்பதான விரிச்சேன்" என்று அவள் ஒரு தரம் சொல்லியிருந்தாள். சொன்னது அவளுக்கு மறந்தே போயிருந்தது. இப்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று, "மேல படுங்க. கசங்குனா கசங்கட்டும், நான் மாத்திக்கறேன்" என்றாள். போன வருஷத்துக்குச் சத்தம் போவதில்லை. சில நாள் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். அதையும் சாயந்திரங்களில் அவளிடம் அவன் சொன்னதில்லை. அவளும் அந்த நேரத்தில் ஸ்கிரீன் தைத்துக்கொண்டோ பீரோ விலை விசாரித்துக்கொண்டோ இருந்திருப்பாள்.

பங்குனிக்குப் பிறகு அவன் பாயில் படுத்தபடி கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தான். அவனுக்கு அதில் தெரிந்தது அவனுக்கு முந்தின வருஷத்து அன்பரசன், அதே பாயில் படுத்திருப்பவன். தன்னையே பார்த்து, நீயும் இங்கதானா என்பதுபோலச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு தனக்கில்லை என்று கஸ்தூரிக்குத் தெரியும். இருந்தாலும் அது நேராக அவள் முகத்தில் வந்து விழுந்தது. அவளும் தரையில் உட்கார்ந்து, திரும்பச் சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து அவர்கள் இருவரும் இத்தனை மத்தியானங்களைச் சேர்ந்து கழித்ததில்லை.

கண்ணாடி திதிக் கணக்கில் போகவில்லை, இங்கிலீஷ் தேதிக் கணக்கில் போனது. அதனால் வருஷ திதி கொடுத்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்ச் சில நாள் கழித்துத்தான் அந்தத் தேதி வந்தது. பார்க்க வேண்டாம் என்று அன்புச்செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்குத்தான் கூட இல்லாம போயிட்டேன். இன்னிக்காவது இருக்கணும் இல்ல" என்றாள் கஸ்தூரி. விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள்.

அவன் வந்தான். பாயை விரித்தான். அன்றைக்கு அவனுக்கடியில் பாய் கிடந்ததைப் பதற்றத்தில் அவள் கவனிக்கவில்லை, பிறகு வந்தவர்கள் விரித்தது என்றே நினைத்திருந்தாள். கட்டிலிலிருந்து ஒரு தலையணையை எடுத்தான், பார்த்தான், பழையபடி அதே இடத்தில் வைத்து உறையை நீவிவிட்டான். கையைக் கன்னத்துக்குக் கீழே கொடுத்து ஒருக்களித்துப் படுத்தான். கண்ணாடியைப் பார்த்து அன்றைக்கும் சிரித்தான். பிறகு தூங்கினான். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றது. அவன் கட்டிலிலிருந்து விழவில்லை. அதில் ஏறவே இல்லை. வலித்ததாகவும் தெரியவில்லை. அவ்வளவு உயரக் கட்டிலை வாங்கினோமே என்ற பாரம் ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளைவிட்டு இறங்கியது. அதைவிடக் கனமான ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் சாயந்திரமாகி, கதவு திறந்து, புது உறைகளோடு கஸ்தூரி உள்ளே வருகிறவரை கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு கண்ணாடியில் அவன் இல்லை. போன வருஷத்துக் கஸ்தூரி தரையில் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். உறவுக்காரர்கள் ஹாலில் இருந்தார்கள் போலும், அறைக்குள் அவளோடு ஒருவரும் இல்லை. அப்படித் தனியாகத்தான் அழுதோமா என்று இந்த வருஷத்துக் கஸ்தூரிக்கு ஆச்சரியமாக இருந்தது. விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. ஒரு டம்ளர் டீ போட்டு எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் குடித்தாள். விடுதியிலிருந்து வந்ததும் தினமும் அப்படி உட்கார்ந்தாள். சில நாள் கட்டிலில் ஏறி, பெட்ஷீட் கசங்கக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பீரோ வாங்கவில்லை. சிந்துஜா போனில் கேட்டபோது, அறையில் இருக்கிற சாமானே போதும் என்றாள். பொட்டு வைத்துக்கொள்ளச் சமையலறையில் ஒரு கைக்கண்ணாடி மாட்டிக்கொண்டாள்.

இன்னொரு ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், கஸ்தூரி டீயோடு வந்து உட்கார்ந்தபோது, கண்ணாடியில் ஒருத்தி கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. அவள் நேராக இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரி தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"டீ ஆறிடப் போவுது, குடி" என்றாள்.