கோரீன் போட்ட நாலு மார்க்

"கறுப்பும் மஞ்சளுமா ஒரு சட்டை எடுத்திருக்கேன். மீடியம் போதும்ல அவளுக்கு?" என்று போனில் கேட்டாள் பெவ்.

"எதுக்குக் கறுப்பு?" என்றாள் கோரீன்.

"அயோவான்னுதானே சொன்னே? அயோவான்னா கறுப்பும் மஞ்சளும்தான்."

"அயோவாவுல ரெண்டு யூனிவர்சிட்டி இருக்கு பெவ். ஆட்ரா போறது இன்னொண்ணுக்கு. அது சிவப்பும் மஞ்சளும். கறுப்பைப் போட்டுக்கிட்டுப் போய் நின்னா வாசல்லயே துரத்திடுவாங்க."

"ஒரு மாநிலத்துக்கு எதுக்குடி ரெண்டு? இருக்கறதே சோளக்காடு. சரி, மாத்திட்டு வரேன். திங்கக்கிழமை போட்டுக்கணுமே."

பெவ், கோரீனின் அக்கா. அண்டை வீட்டுப் பூனை குட்டி போட்டாலும் பரிசு வாங்கிப் போகிறவள். மே மாதம் பிறந்தால் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புப் பிள்ளைகள், தாங்கள் போகப் போகும் பல்கலைக்கழகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். கோரீனின் மகள் ஆட்ராவுக்கு அந்தச் சட்டையைத் தன் கையால்தான் வாங்கித் தருவேன் என்று பெவ் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வருகிறேன்" என்று பல்கலைக்கழகத்துக்கு உறுதி சொல்லி முன்பணம் கட்ட மே முதல் தேதிதான் கடைசி. இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமை. இன்று சனி.

"இன்னும் வாங்காதே பெவ். அவ இன்னும் கம்ப்யூட்டர்ல பட்டனை அழுத்தலை."

"அழுத்தத்தானே போறா?"

"மூணு மணிக்கு. ரஸ் வந்ததும்."

"அப்புறம் என்ன? பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கிறவ நீ, பல்லைப் பிடுங்கிக்கிட்டவ மாதிரி பேசுறே."

கோரீன் ஏதோ சமாளித்துப் போனை வைத்தாள். கடிகாரத்தில் ஒன்றரை. முட்டை அவிந்துகொண்டிருந்தது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்த ஆறு அட்டைகளைப் பார்க்காமலே அதைத் திறந்து மூடக் கோரீன் இரண்டு வாரமாகப் பழகியிருந்தாள்.

அட்டை வைத்து மார்க் போடும் யோசனை கோரீனின் கணவன் ரஸ்ஸுடையது. விதைக் கம்பெனியில் வேலை பார்த்தாலும் ஊருக்குள் அவனுக்கு மரியாதை, ஜூலை மாதத்துக் கால்நடைச் சந்தையில் கன்றுக்குட்டிகளுக்கு மார்க் போடுகிறவன் என்பதால்தான். அங்கே இரண்டு போட்டி. கன்றுக்கு ஒரு மார்க். கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்குத் தனியாக ஒரு மார்க். அதற்கு ஆள் மார்க் என்று பெயர். கன்று எவ்வளவு கொழுகொழு என்று இருந்தாலும், பிடித்திருக்கிற பிள்ளை பயந்து விறைத்து நின்றால் ஆள் மார்க் விழாது. நடுவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகு அழித்தால் அட்டையே செல்லாது.

சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஆட்ராவை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எழுதிப் போட்ட வெளி மாநிலங்கள் ஐந்து. பனிக்காலம் முடிவதற்குள் மிசூரியும் கான்சஸும் நெப்ராஸ்காவும் கழிந்து, அயோவாவும் ஒக்லஹோமாவும் மிஞ்சின. இரண்டும் ஒரு ஊர் அளவு பெரியவை. வானிலைப் படிப்பு இரண்டிலும் உண்டு. வெளி மாநிலத்துப் பிள்ளை என்று கூடுதலாகக் கேட்பதும், நல்ல மார்க் என்று குறைத்துக்கொள்வதும் போக இரண்டிலும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் தூரத்தில்தான். அயோவா காரில் நாலு மணி நேரம். ஒக்லஹோமா பத்து.

"நான் படிப்புக்கும் வாத்தியாருக்கும் மார்க் போடறேன். நீ உன் ஆசைக்குப் போடு," என்று ரஸ் மகளிடம் சொன்னான். "ஆள் மார்க் யாரு?"

"அம்மா," என்றாள் ஆட்ரா, யோசிக்காமல். "நான் புதுசா எதைப் பாத்தாலும் குதிப்பேன். என்னை நம்பக் கூடாது. அம்மா கட்டடத்தையெல்லாம் பாக்க வேணாம், என்னை மட்டும் பாக்கட்டும். நான் அங்கே நானா இருக்கேனா இல்லையான்னு அவதான் சரியா சொல்லுவா."

இரண்டு இடத்துக்கும் மூவரும் நேரில் போனபோது கோரீனும் அப்படித்தான் பார்த்தாள்.

அயோவாவில் ஆட்ரா கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, சொன்னதற்கெல்லாம் மரியாதைக்குச் சிரித்துத் தலையாட்டியபடி நடந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் தாயின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒக்லஹோமாவில் வானிலைக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏறிய ஐந்தாவது நிமிஷம் அவளைக் காணோம். தேடினால், முன்பின் தெரியாத மூன்று மாணவிகளுக்கு நடுவில் நின்று ஆலங்கட்டியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எங்க வீட்டுப் பின்னால கோழி முட்டை சைஸுக்கு விழுந்துச்சு. ஃப்ரீசர்ல எடுத்து வெச்சேன்," என்றாள் ஆட்ரா.

"இன்னும் இருக்கா?"

"ஐஸ்கிரீம் வைக்க இடம் இல்லைன்னு எங்கம்மா தூக்கிப் போட்டுட்டா."

"உங்கம்மா மேல கேஸ் போடணும்," என்றாள் ஒருத்தி.

நாலு பேரும் சிரித்தார்கள். காற்று அடித்த அடியில் ஆட்ராவின் முடி வாய்க்குள் போனது. அதையும் எடுக்காமல் சிரித்தாள். பதினெட்டு வருஷத்தில் தன் வீட்டுக்குள் இந்தப் பெண் இப்படிச் சிரித்துக் கோரீன் பார்த்ததில்லை.

காருக்குள் வந்து கதவைச் சாத்தினார்கள். எழுதி முடிக்கும்வரை பேச்சில்லை என்பது விதி. கோரீன் பேனாவை எடுத்தாள். கை தானாகப் பத்துக்கு நாலு என்று எழுதியது. கை தானாக எழுதியது என்பது பிறகு அவள் தனக்குச் சொல்லிக்கொண்டது. குறிப்பு என்ற கட்டத்தில், "தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளச் சிரமப்படுகிறாள். இயல்பாக இல்லை" என்று எழுதியது நிச்சயம் தானாக எழுதியது இல்லை. அயோவாவுக்கு ஏற்கெனவே ஒன்பது போட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தார்கள். அயோவா இருபத்து நாலு. ஒக்லஹோமா இருபத்து இரண்டு. ஆட்ரா தாயின் அட்டையை இரண்டு தடவை படித்தாள். "சரி," என்றாள். அன்றிலிருந்து அவள் ஒக்லஹோமா என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. அடம் பிடித்திருந்தாலாவது கோரீனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டே காலுக்கு ரஸ் வந்தான். பூட்ஸைக் கழற்றும்போதே, "முட்டை சாண்ட்விச்சா? நல்லதாப் போச்சு," என்றான்.

"ரஸ், அந்த மார்க்கு…"

"எந்த மார்க்கு?"

"ஒக்லஹோமாவுக்கு நான் போட்டது. கொஞ்சம் கம்மியோ என்னவோ."

"அதெல்லாம் நினைக்காதே. உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு ஒக்லஹோமாதான் பிடிச்சிருந்துச்சு. ஒன்பது போட்டேனே. ஆனா உன் குறிப்பைப் படிச்சப்புறம் யோசிச்சேன். நான் வாத்தியாருங்களோட பேசிட்டிருந்தேன், பிள்ளையைக் கவனிக்கலை. நீ கவனிச்சே. நீ இல்லேன்னா தப்பான இடத்துக்கு அனுப்பியிருப்போம்."

அவன் சாண்ட்விச்சைக் கடித்து, மிளகு போதவில்லை என்று மிளகு போட்டுக்கொண்டான். கோரீன் சமையல் மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

ஆட்ரா மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அப்பா, கார்டு."

"மொதல்ல சாப்பிடும்மா."

"அழுத்திட்டுச் சாப்பிடறேன். பசிக்கலை."

மேஜையில் வைத்துத் திறந்தாள். ரஸ் பணப்பையிலிருந்து கார்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். ஆட்ரா ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அடித்தாள். தாயைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்; அயோவாவில் மரியாதைக்குச் சிரித்தாளே, அதே சிரிப்பு.

"நிறுத்து ஆட்ரா," என்றாள் கோரீன்.

"என்னம்மா?"

"நான் போட்ட நாலு பொய்."

ரஸ் மெல்லுவதை நிறுத்தினான்.

"பொய்னா?" என்றாள் ஆட்ரா.

"ஒக்லஹோமாவுல நீ நல்லா இருந்தே. நான் பாத்தேன். அந்தப் பொண்ணுங்களோட நின்னு சிரிச்சேல்ல, ஆலங்கட்டி கதை சொல்லிட்டு. அங்கேயே பொறந்து வளந்தவ மாதிரி இருந்தே. பத்து போட்டிருக்கணும். பாத்துக்கிட்டேதான் நாலு எழுதினேன்."

"இயல்பா இல்லைன்னு எழுதினியே."

"அதுவும் பொய்."

"கோரி," என்றான் ரஸ், தாழ்ந்த குரலில். "கையெழுத்துப் போட்ட அட்டை அது."

"தெரியும்."

"அயோவாவுக்குப் போட்ட ஒன்பது?"

"அதுவும் ஒன்பது இல்லை. அஞ்சு இருக்கலாம்."

ஆட்ரா லேப்டாப்பை மூடவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஏன்?"

கோரீன் இதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள். பத்து மணி நேரத் தூரம், பனியில் ரோடு, உடம்புக்கு ஒன்று என்றால் யார் ஓடுவது என்று. அதில் எதுவும் வாயில் வரவில்லை.

"வீட்ல நீ அப்படிச் சிரிச்சதில்லை. எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு."

அடுப்பில் காபிப் பாத்திரம் கொதித்தது. ரஸ் எழுந்து போய் அதை அணைத்தான்.

"நான் இப்ப மாத்திப் போடறேன்," என்றாள் கோரீன். "பத்துன்னு போட்டு மறுபடியும் கையெழுத்துப் போடறேன். கூட்டிப் பாருங்க."

"போட முடியாது," என்றான் ரஸ். அவன் கோபமாகச் சொல்லவில்லை; சந்தையில் எந்தத் தகப்பனிடமும் அப்படித்தான் சொல்வான். "உன் ரெண்டு அட்டையும் செல்லாது."

எழுந்த வேகத்தில் அவனே போய் அந்த இரண்டையும் கதவிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். குப்பையில் போட்டிருக்கலாம், போடவில்லை.

"எனக்கு அட்டை முக்கியமில்லை," என்றாள் ஆட்ரா. இப்போதுதான் தாயை நேராகப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா, ரெண்டு வாரமா நான் என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்னு?"

"என்ன?"

"ஸ்கூல் கேண்டீன்ல யாராவது ஜோக் சொன்னா, சிரிக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுட்டு இருந்தேன். அந்த மொட்டை மாடியில எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சும்மா. அப்புறம் உன் அட்டையைப் படிச்சேன். சரி, எனக்குச் சந்தோஷம்னு தோணறது வெளியிலேர்ந்து பாக்கறவங்களுக்கு வேஷம் மாதிரி இருக்கு போலன்னு நினைச்சேன். அம்மாவுக்கே அப்படித் தெரிஞ்சா அந்தப் பொண்ணுங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? நான் போனப்புறம் என்னைப் பத்தி என்ன பேசியிருப்பாங்க? அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன்."

கோரீன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரமாகத் தான் மறைத்தது ஒரு ஊரை என்றுதான் நினைத்திருந்தாள். பெண்ணை அவளுடைய சிரிப்பிலிருந்தே பிரித்துவிட்டோம் என்று நினைக்கவேயில்லை.

"அது எனக்குத் தோணலைடி."

"தோணாது. உனக்கு உன் வயித்தெரிச்சல்."

"ஆட்ரா," என்றான் ரஸ்.

"அவளைச் சொல்ல விடு ரஸ்," என்றாள் கோரீன்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லை," என்றாள் ஆட்ரா. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். திரையில் இருந்ததை அழித்தாள். வேறொரு பக்கம் திறந்தது. மறுபடியும் கார்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அடித்தாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒக்லஹோமாவின் கருஞ்சிவப்பு நிறம் இருந்தது கோரீனுக்குத் தெரிந்தது. கடைசியில் ஒரு தடவை நிறுத்தினாள்.

"அப்பா, உன் ஒன்பது நிஜம்தானே?"

"நிஜம்."

"என்னோடதும் நிஜம்."

அழுத்தினாள். அவ்வளவுதான், பட்டனுக்குச் சத்தம் கூட இல்லை. ரஸ் அவள் தலையில் கையை வைத்து, முடியைக் கலைத்துவிட்டு எடுத்தான்.

"ஆகஸ்ட்ல அங்கே கொண்டுபோய் விடணும்ல," என்றாள் ஆட்ரா. "அப்பா மட்டும் வரட்டும்."

ரஸ் மனைவியைப் பார்த்தான்.

"சரி," என்றாள் கோரீன்.

"உடனே சரின்னு சொல்லாதேம்மா. நல்லவளாட்டம்."

"பின்னே என்ன சொல்லணும்?"

"வரணும்னு சொல்லு. ஆசையா இருக்குன்னு சொல்லு. நான் வேணாம்னு சொல்றேன். நிஜமா என்ன தோணுதோ அதைச் சொல்லு ஒரு தடவையாவது."

கோரீன் நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள்.

"வரணும்," என்றாள். "உன் ரூமைப் பாக்கணும். படுக்கைக்கு விரிப்பு போட்டுட்டு வரணும். அந்தப் பொண்ணுங்க யாருன்னு பாக்கணும்."

"வேணாம்," என்றாள் ஆட்ரா.

"சரி."

ஆட்ரா ஒரு சாண்ட்விச்சைத் தட்டோடு எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே, "உப்பு போட்டிருக்கியா இதுல?" என்று கேட்டாள்.

"மறந்துட்டேன்," என்றாள் கோரீன். அது உண்மை.