ஐந்தாவது ஏன்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மீன் கட்லெட் செய்து உறையவைத்து விற்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே உணவுப் பாதுகாப்பு உள்தணிக்கையாளர் பயிற்சி இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் முழுக்க அன்புசெல்விக்குக் கொட்டாவியை அடக்குவதே பெரிய வேலையாக இருந்தது. பயிற்சி கொடுக்க வந்த சுப்பிரமணியன் சென்னைக்காரர், இந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாத மனிதர். வாழ்நாளில் ஒரு மீனையாவது கழுவிய கையாக அது தெரியவில்லை. ஆனால் மீன் எப்படிக் கெடும் என்பதற்கு நூற்றிருபது ஸ்லைடு வைத்திருந்தார். எண்பதாவது ஸ்லைடில் அவருக்கே கண் சொருகியது.

தேர்வும் உண்டு. இருபது கேள்வி. "இத நல்லா கவனிங்க, இது வரும்" என்று இருபது முறை சொன்னார், இருபதும் வந்தன. எல்லோரும் பாஸ். அந்தத் தேர்வில் தோற்க வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும்.

இரண்டாம் நாள் மதியம் செய்முறை. ஆளுக்கு ஒரு பகுதியைத் தணிக்கை செய்து ஒரு குறையாவது எழுத வேண்டும். தன் வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பது விதி. அன்புசெல்வி குளிர் அறையின் வெப்பநிலைப் பதிவேட்டை எழுதுகிறவள். அதனால் அவளுக்கு மீன் வெட்டும் கூடத்தைக் கொடுத்தார்கள். குளிர் அறை, பேக்கிங் பிரிவில் இருக்கும் சரத்குமாருக்குப் போனது. கதவுப் பிடியில் துரு என்று எழுதிவிட்டு அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

துருவைக் கண்டுபிடித்தது அவன் சாமர்த்தியம் இல்லை. தர மேலாளர் கோபிநாத் சொல்லிக்கொடுத்தது. குறையே இல்லை என்று எழுதினால் வெளியிலிருந்து வரும் ஆடிட்டர் நம்ப மாட்டார், பெரிய குறையை எழுதினால் முதலாளி சும்மா விட மாட்டார். ஆகவே சின்னச் சின்னக் குறைகளை கோபிநாத்தே முன்கூட்டித் தயார் செய்து, கல்யாணப் பந்தியில் பரிமாறுவதுபோல ஆளுக்கு ஒன்றாகப் பரிமாறுவார். போன வருடம் ஒரு மூலையில் ஒட்டடை அடிக்க வேண்டாம் என்று அவரே சொல்லி வைத்தார். ஒட்டடை கண்டுபிடிக்கப்பட்டது. 'சரிசெய்யும் நடவடிக்கை' என்ற கட்டத்தில் ஏதாவது எழுத வேண்டுமே! துப்புரவுக்கு இருந்த செல்வாம்பாளை வேலையை விட்டு நிறுத்திவிட்டு அதையே எழுதினார்கள். காண்ட்ராக்ட் ஆள்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?

இந்த வருடம் தனக்கொடி. அவளும் காண்ட்ராக்ட் ஆள்தான். அன்புசெல்வி கூடத்துக்குள் நுழைந்தபோது இருபது பெண்களில் அவள் ஒருத்தி மட்டும் தலைத்தொப்பி இல்லாமல் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தொப்பி எங்க?"

"பாக்கெட்லதான் இருக்கு. மூணு மணிக்குக் கழட்டி வச்சிக்கச் சொன்னாரு கோபிநாத் சாரு. நீ வந்து எழுதிக்கினதும் போட்டுக்கலாமாம்."

"எதுக்குன்னு கேக்கலியா?"

"கேட்டேன். பயிற்சிக்கு ஒத்தாசன்னாரு. அவ்ளோ பெரிய மனுசன் வந்து கேக்கும்போது எப்டிம்மா முடியாதுங்கிறது?"

ஒத்தாசையாம். அன்புசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வருடத்தில் ஒரு நாள்கூடத் தொப்பி இல்லாமல் இந்தக் கூடத்துக்குள் கால் வைத்தவள் இல்லை தனக்கொடி. இந்த வேலையை நம்பித்தான் மகளை நர்சிங்கில் சேர்த்திருக்கிறாள்.

குறைப் படிவத்தில் 'ஏன்?' என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ஏன் என்று கேட்டு அடிவேர் வரை போக வேண்டும் என்று சுப்பிரமணியன் காலையில் ஒரு மணி நேரம் முழங்கியிருந்தார். நடைமுறையில் முதல் கட்டத்தில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதி, மீதி நான்கிலும் கோடு இழுத்துவிடுவார்கள். அப்படி எழுதினால் நாளைக்குத் தனக்கொடிக்கு வேலை இருக்காது.

அன்புசெல்வி பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இரண்டு நாளாக இவர்களையெல்லாம் மனசுக்குள் கேலி செய்தாயிற்று. ஆனால் அடிவேர் வரை போனால் அங்கே யார் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஐந்து கட்டங்களையும் நிரப்பினாள். தனக்கொடிக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, கார்பன் நகலை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.

பயிற்சி அறையில் ஒவ்வொருவராக எழுந்து படிக்க வேண்டும். சரத்குமாரின் துருவுக்குக் கைதட்டல் கிடைத்தது. அடுத்து அன்புசெல்வி.

"ஏன் தொப்பி இல்லை? கழற்றச் சொன்னதால்."

சுப்பிரமணியன் பேஷ் என்பதுபோல் தலையாட்டினார்.

"ஏன் கழற்றச் சொன்னார்கள்? எங்களுக்குக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் குறை வேண்டும் என்று கோபிநாத் சார் நினைத்ததால்."

ஆடிய தலை நின்றது.

"ஏன் சின்னக் குறை? பெரிய குறை யார் கண்ணிலும் படக் கூடாது என்பதால்."

"அன்பு, போதும். உக்காரு" என்றார் கோபிநாத்.

அவள் உட்காரவில்லை. "ஏன் படக் கூடாது? குளிர் அறை தெர்மாமீட்டர் இரண்டு மாதமாக ஓடவில்லை. கட்லெட் பாக்கெட்டுகள் உருகி, மறுபடி உறைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன."

கடைசிக் கட்டத்துக்கு வந்தாள்.

"இது ஏன் யாருக்கும் தெரியவில்லை? கோபிநாத் சார் சொன்னார் என்று, காலை ஒன்பது மணிக்கே சாயந்திரம் வரைக்கும் மைனஸ் பதினெட்டு டிகிரி என்று பதிவேட்டில் நான் எழுதிவைப்பதால்."

யாரும் கைதட்டவில்லை. சுப்பிரமணியன் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டே கோபிநாத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"மேடம், அஞ்சு ஏனும் கட்டாயம் இல்ல. சின்னக் குறைதானே? ஒண்ணோட நிறுத்திக்கலாம்."

"வேற ஃபார்ம் தரேன். அதக் குடு இப்டி" என்று கோபிநாத் கையை நீட்டினார். "உன் பேர நீயே எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு எந்த மூஞ்சியோட வேலைக்கு வருவ?"

"இதே மூஞ்சியோடதான் வருவேன் சார். யாரையாவது நிறுத்தித்தான் ஆகணும்னா என்னய நிறுத்துங்க. கடைசிக் கட்டத்துல அக்கா பேரு இல்ல, என் பேருதான் இருக்கு. உங்க பேரும் இருக்கு."