படியில் கரையாதவர்

அக்காவுக்கு வர வேண்டிய துணைநொதி தினமும் மாடிப்படியிலேயே கரைந்துவிடுகிறார். அவருடைய செருப்பு மட்டும் மேலே வந்து சேருகிறது. அக்கா வீட்டு வாசலில் இப்போது ஏகப்பட்ட செருப்புகள். விசேஷ வீடு என்று நினைத்துச் சிலர் மொய்க் கவரோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

உடம்பில் நொதிகளுக்குக் கைகொடுக்கிற துணைநொதி எல்லாருக்கும் வருகிறவர்தான். உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சூட்டை மூடிக்கொண்டு காலையில் வருவார். நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கொடுப்பார். அதை வாங்கினால்தான் உடம்பு அசையும். பிறகு இறங்கிப் போய், கையை நிரப்பிக்கொண்டு மறுபடி வருவார். ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை அவரை யாரும் கண்டுகொள்வதில்லை.

அக்கா பெயர் மங்கையர்க்கரசி. மதுரையில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. அவள் சோர்ந்தால் படிகள் நீளும். படிகள் நீண்டால் துணைநொதி கரைவார். அவர் கரைந்தால் அவள் இன்னும் சோர்வாள். முதலில் குடத்தைத் தூக்க முடியவில்லை. பிறகு டம்ளரை. இதயமும் கை மாதிரிதான், அதுவும் ஓய்ந்துபோகும் என்றார் டாக்டர். காலையில் அதைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டவர் கீழே போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது.

மருந்து வேதியியல் என் பிழைப்பு. கரையாத துணைநொதியைச் செய்ய வேண்டும். இயற்கை செய்ததை நகலெடுத்து, கரைகிற இடத்தை மட்டும் மாற்றினால் போதும். முழங்காலில்தான் அவர் முதலில் கரைகிறார். அங்கிருந்த ஆக்சிஜனை எடுத்துவிட்டு, எளிதில் அறுந்துபோகாத கார்பனை வைத்தேன். பயம் யாரை விட்டது. தோளிலும் இடுப்பிலும் விரல்களிலும்கூட வைத்தேன்.

முதல் நகல் கரையாமல் மேலே வந்துவிட்டார். தோள் அகலம். வாசலுக்குள் நுழைய முடியவில்லை. வெளியே நின்றபடியே கையை நீட்டினார்.

"வாசப்படில நின்னு குடுத்தா வாங்கக் கூடாது தம்பி," என்றாள் அக்கா, கட்டிலில் கிடந்தபடி. "உள்ள வரச் சொல்லு."

"உசுரு போற நேரத்துல சாஸ்திரம் பாக்குறியேக்கா."

"உசுரு போகுதுன்னு சாஸ்திரத்த மாத்துவாங்களா?"

"அக்கா சொல்றது சரிதான்," என்றார் நகல்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் அங்கேயே நின்றார். எதிர்வீட்டு ரமீஜா அவர்மேல் ஈரத்துணியைக் காயப்போட்டார். அவரும் வாகாகத் தோளைக் கொடுத்தார்.

இரண்டாவது நகலுக்குத் தோளைக் குறைத்தேன். அவர் தாராளமாக உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். காபி வாங்கிக் குடித்தார். மூடிய கையை மட்டும் திறக்கவில்லை.

"குடுங்க," என்றேன்.

"குடுத்தா நான் கொறஞ்சிருவேன்ல."

"கொறையத்தானே வந்தீங்க?"

"அது பழைய ஆளுங்க பழக்கம்," என்று தினசரியைப் புரட்டினார்.

இதற்கிடையில் இயற்கையான துணைநொதி ஒருவர், எப்படியோ பாதி உடம்போடு மேலே வந்து சேர்ந்தார். நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்தார். யார் வீட்டிலும் தொந்தரவு செய்து பழக்கமில்லாதவர். மன்னிப்புக் கேட்டுவிட்டு வாசலிலேயே கரைந்தார். அன்று மாலை அக்காவுக்கு இமையைத் தூக்கவும் முடியவில்லை. நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். உதவி செய்கிறேன் என்று வந்து, இருந்ததையும் கெடுத்துவிட்டேன்.

எங்கள் துறைத்தலைவர் அமல்ராஜ் சார் ஆய்வகத்து ஃப்ரிட்ஜில் இருக்கிறார். வெளியே வைத்தால் கெட்டுவிடுவார். கதவைத் தட்டினேன். தயிருக்குப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நகல் ஸ்டேபிளா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப வேலை முடிஞ்சுதே."

"குடுக்க மாட்டேங்குறாரு சார்."

"நானும்தான் யாருக்கும் ஒண்ணும் குடுத்ததில்ல. கெடாம இருக்கேன்ல?"

கதவை மூடிக்கொண்டார். உள்ளே விளக்கு அணைந்தது. பாவமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரல்களையும் நான் உறுதியாக்கியிருக்கக் கூடாது. கால் தாங்க வேண்டும், கை விட வேண்டும்.

மூன்றாவது நகலுக்கு முழங்காலில் மட்டும் கார்பனை வைத்தேன். கையை இயற்கை செய்தபடியே விட்டேன். இரண்டாமவரிடம் போய், அமல்ராஜ் சார் பக்கத்தில் இடம் இருக்கிறது என்றேன். தினசரியை மடித்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார்.

மூன்றாமவர் முதல் படியிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணே, குடுத்துட்டா திரும்பி வர முடியுமா?"

"எறங்கி வந்தா நெறச்சுக்கலாம். பிறகு மறுபடி வரலாம்."

"நீங்களும் கூட வாங்க. தனியா போகப் பயமா இருக்கு."

கூடப் போனேன். எனக்கு மட்டும் அவை அதுவரை சாதாரணப் படிகளாகவே இருந்தன. அக்காவால் இமையைக்கூடத் தூக்க முடியாததால் அன்று எனக்கும் நீண்டன. ஒரு திருப்பத்தில் பஸ் நிறுத்தம் இருந்தது. பஸ் மேலே போகாது என்றார்கள். இன்னொரு திருப்பத்தில் மழை. அதைத் தாண்டியதும் என் முழங்கால் கரைய ஆரம்பித்தது. என் முழங்காலில் இருப்பது வெறும் ஆக்சிஜன்தான். என்னைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

"அண்ணே, கரையிறீங்க," என்றார்.

"தெரியுது. நீங்க நடங்க. கைய மட்டும் தெறந்துறாதீங்க."

மேலே போய்ச் சேர்ந்தபோது நான் செருப்பு மட்டும்தான். வாசலில் மற்ற செருப்புகளோடு ஒதுங்கி நின்றேன். அவர் குனியாமல் உள்ளே போனார். நாற்காலி கிறீச்சிட்டது. கை திறக்கிற சத்தம் கேட்டது, அப்பளம் உடைகிற மாதிரி.

பிறகு டம்ளர் தரையிலிருந்து தூக்கப்படும் ஓசை.

"தம்பி எங்க?" என்றது அக்காவின் குரல்.

"வெளிய நிக்கிறாப்ல."

அவர் பாதியாகக் குறைந்து வெளியே வந்தார். "போயிட்டு வர்றேன் அண்ணே," என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குதித்துக் குதித்து இறங்கினார். இரண்டே எட்டில் கீழே போய்விட்டார். மாடிப்படி அவ்வளவுதான் இருந்தது.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அத்தனை செருப்புகளில் என்னுடையதை உடனே கண்டுபிடித்தாள். வாசற்படியைத் தாண்டி வந்து குனிந்தாள். அவள் வீட்டுக்குள் யார் செருப்பும் இதுவரை நுழைந்ததில்லை. என்னை இரண்டு கையாலும் தூக்கினாள். கை நடுங்கவில்லை. உள்ளே கொண்டுபோய் அந்த நாற்காலியில் வைத்தாள்.

"சாப்புட்டியாடா?" என்றாள்.

இல்லை என்றேன். அவளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.