ஏழாம் வீட்டின் கூரை

செராகோட்டில் பழைய வீடுகள் பன்னிரண்டு இருந்தன. பன்னிரண்டையும் அளந்து, வரைந்து, இலக்கம் போட்டவள் லக்சாயினி தவராஜா. லாங்கன்தாலில் பிறந்து வளர்ந்து கட்டடக்கலை படித்தவள். ரைன் நதிக்கரையிலுள்ள பாசல் நகரில் ஓர் அறக்கட்டளையில் வேலை. மலைக்கிராமங்களைப் பழைமை கெடாமல் காப்பாற்றுவது அந்த அறக்கட்டளையின் பணி. அதற்காக ஆறு வருடங்களில் ஒன்பது தடவை இமாசலத்தின் செராகோட்டுக்குப் போய்வந்தாள். ஹிந்தியும் அங்கேதான் அவளுக்குச் சரளமாக வந்தது.

திபெத்திலிருந்து உப்பும் ஆட்டுமயிரும் கொண்டுவந்த வியாபாரிகள் தங்கிப்போன பாதையில் எழுந்த ஊர் அது. நடுவில் மரக்கோபுரத்தோடு ஒரு கோயில், அதைச் சுற்றி வீடுகள். சுவரில் தேவதாரு உத்திரம் ஒரு வரிசை, கல் ஒரு வரிசை, மறுபடியும் உத்திரம். இடையில் சாந்து கிடையாது. நிலம் நடுங்கினால் சுவர் முழுவதும் சேர்ந்து அசைந்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்து நிற்கும். கீழ்த்தளத்தில் மாடுகள், நடுவில் தானியம், மேலே மனிதர்கள். மாடுகளின் சூடு பலகை இடுக்குகளால் ஏறி, படுத்திருப்பவர்களின் முதுகுக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலே கற்பலகைக் கூரை. ஒரு பலகையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

ஏழாம் இலக்க வீடு ஜியாலாலுடையது. பன்னிரண்டில் மூத்தது. லக்சாயினி போகும்போதெல்லாம் அங்கேதான் தங்கினாள். அவள் பெயர் யாருடைய வாயிலும் சரியாக நுழையாததால் ஊர் அவளை லட்சுமி என்று கூப்பிட்டது. ஜியாலாலின் ஒரே மகள் பிரேம்லதா. அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வீட்டுக்கும் லக்சாயினியோடு நடந்தவள் அவள்தான்.

ஊர்ச்சபையும் அறக்கட்டளையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. குடிநீர்க் குழாயும் பள்ளிக்கூடக் கட்டடமும் அதனால் வந்தன. பதிலுக்கு, எந்த வீட்டிலும் பழைய பொருளை மாற்றக்கூடாது. கூரையில் கற்பலகை தவிர வேறெதுவும் கூடாது. ஒரு வீடு மீறினாலும் ஊர் முழுவதற்கும் உதவி நின்றுவிடும். கூரையைப் பற்றிய பிரிவை எழுதியது லக்சாயினி.

இரண்டு வருடங்களுக்குமுன் ஜியாலாலின் கூரைமரங்கள் உளுத்து உக்கத் தொடங்கின. புதுத் தேவதாரு வெட்டக் காட்டு இலாகா அனுமதி கொடுக்கவில்லை. கற்பலகைகளை இறக்கிவிட்டுத் தகரம் போடலாமா என்று அறக்கட்டளைக்கு அங்கேயிருந்த திட்டக் கந்தோர் மூலம் எழுதிக் கேட்டார். நீலத் தகரத்தின் படமும் இணைத்திருந்தார். அந்த நீலத்தைப் பார்த்ததும் லக்சாயினிக்கு எரிச்சல் வந்தது. எதிர்மலையிலிருந்து எடுத்த படங்களில் சாம்பல்நிறக் கூரைகள் ஒரே குடும்பம்போல நிற்கும். நடுவில் ஒரு நீலக்கட்டம் எப்படியிருக்கும்? ஒரு கூட்டம் முடிந்து ட்ராமுக்குப் போகுமுன் கிடைத்த பத்து நிமிடத்தில் மறுப்பு எழுதினாள். அடுத்த வருடமும் அவர் கேட்டார். பழைய பதிலில் திகதியை மாற்றி அனுப்பினாள். ஆங்கிலக் கடிதத்தின் அடியில் இருந்தது 'எல். தவராஜா, தொழில்நுட்ப ஆலோசகர்' என்ற கையெழுத்து. தவராஜா யாரென்று ஜியாலாலுக்குத் தெரியாது.

போன பெப்ரவரியில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. மூன்றாம் நாள் காலை தாயும் தகப்பனும் கீழே பால் கறந்துகொண்டிருந்தபோது கூரைமரம் முறிந்தது. மேல்தளத்தில் பிரேம்லதா இருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது.

செய்தி வந்த அன்று லக்சாயினி கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். அந்த வாரமே அவள் அறிக்கை கொடுக்கவேண்டியிருந்தது. இமாலயப் பிரிவுக்குத் தலைவராக யாரைப் போடுவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். 'ஏழாம் இலக்க வீட்டின் கூரையில் பனிப்பாரத்தால் பகுதிச் சேதம். பழைய பொருளைக்கொண்டே சீரமைக்கப்படுகிறது' என்று எழுதினாள். வேறொன்றும் எழுதவில்லை.

ஜூனில் பாசலில் அறக்கட்டளையின் விழா. செராகோட்டிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசவைக்கவேண்டும் என்றார் தலைவி ஊர்சினா ஸ்டால்டர். படங்களைப் புரட்டிப் பார்த்து ஜியாலாலின் முகத்தில் விரலை வைத்தார். "இவர்தான். இந்த முகத்தைப் பாருங்கள், மலையே பேசுவதுபோல இருக்கும்."

லக்சாயினி வேறு இரண்டு பேருடைய பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். ஊர்சினா கேட்கவில்லை. ஹிந்தி தெரிந்தவள் அவள் ஒருத்திதான், ஆகவே மொழிபெயர்ப்பும் அவள்தான் என்று முடிவாயிற்று.

விமானநிலையத்தில் ஜியாலால் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். நாலு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தார். ரயிலில் யன்னலோரம் இருந்து கொஞ்சநேரம் வெளியே பார்த்தார்.

"லட்சுமி, அங்கே எனக்கு எவ்வளவு நேரம் தருவார்கள்?"

"பத்து நிமிடம். உங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால் போதும்."

"அதைச் சொல்லத்தான் வந்தேன். எல்லாவற்றையும் சொல்வேன். கடிதம் எழுதினவர்களும் அங்கே இருப்பார்களா?"

"இருக்கலாம்," என்றாள்.

"நல்லது. அவர்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தால் மனிதர்கள் அப்படி எழுதமாட்டார்கள்."

விழா ரைன் நதிக்கரையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. இருநூறு பேர்வரை வந்திருந்தார்கள். லக்சாயினியின் தாய் ராஜேஸ்வரியும் லாங்கன்தாலிலிருந்து சேலை கட்டி வந்து மூன்றாம் வரிசையில் இருந்தாள். தகப்பன் தவராஜா செத்து நாலு வருடமாகியிருந்தது. மகள் மேடையேறுவதைப் பார்க்க அவள் ஒருத்திதான்.

முதலில் ஊர்சினா பேசினார். இமாலயப் பிரிவின் புதிய தலைவர் லக்சாயினி என்று அறிவித்தார். கைதட்டல் அடங்கியதும் ஜியாலாலை அழைத்தார்.

அவர் கம்பளித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். கொஞ்சம் பேசிவிட்டு நிறுத்துவார், லக்சாயினி டொச் என்கிற ஜெர்மன் மொழியில் சொல்வாள். தன் பூட்டனின் தகப்பன் அந்த வீட்டைக் கட்டியதைச் சொன்னார். உத்திரங்களை மலையிலிருந்து பனியில் சறுக்கவிட்டு இறக்கியதைச் சொன்னார். அதையெல்லாம் அவள் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அழகாகவும் சொன்னாள்.

"கூரைமரம் உக்கிவிட்டது. இரண்டு தடவை உங்களைக் கேட்டேன். இரண்டு தடவையும் கூடாது என்றீர்கள்."

லக்சாயினி ஒலிவாங்கியைக் கொஞ்சம் கிட்ட இழுத்தாள். "கூரைமரங்களைக் கண்ணுங்கருத்துமாகக் கவனித்தோம். இரண்டு தடவை உங்கள் ஆலோசனையைக் கேட்டோம்."

முன்வரிசையில் ஊர்சினா தலையாட்டினார்.

"பனியில் கூரை விழுந்தது. என் மகள் அடியில் கிடந்தாள். நானும் அவள் தாயும் கற்பலகைகளைக் கையால் தூக்கினோம். ஒவ்வொன்றாகத் தூக்கினோம். நாற்பத்தொரு பலகை."

லக்சாயினி ஜெர்மனில் சொன்னாள்: "கடும்பனிக்குப் பிறகு நானும் மனைவியும் கற்பலகைகளை எங்கள் கையாலேயே தூக்கி வைத்தோம். ஒவ்வொன்றாக. நாற்பத்தொரு பலகை."

சபையில் மெல்லிய வியப்புச் சத்தம் எழுந்தது. யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்கள். ஜியாலால் அந்த முகங்களைப் பார்த்தார். பிறகு லக்சாயினியைப் பார்த்தார்.

"பிரேம்லதா," என்றார்.

அவள் ஒலிவாங்கியையே பார்த்தாள்.

"பிரேம்லதா. அவள் பெயரை நீ சொல்லவில்லை. மற்றதெல்லாம் உங்கள் மொழி, எனக்கு விளங்காது. பெயர் விளங்கும். சொல்லு, லட்சுமி."

இருநூறு பேர் காத்திருந்தார்கள். பொய்யை அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

"அவருடைய மகளின் பெயர் பிரேம்லதா," என்று ஜெர்மனில் சொன்னாள். "அந்தக் கூரையின் கீழ்தான் பிரேம்லதா வளர்ந்தாள். அந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்வாள். பிரேம்லதாவுக்காகவே இந்த வீடு இப்படியே இருக்கவேண்டும் என்று கேட்கிறார்."

பெயர் மூன்று தடவை வந்தது. ஜியாலால் மூன்றையும் கேட்டார். அவர் கண்கள் நிறைந்தன. கைகூப்பினார். சபை எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்து, கடைசியில் சொல்லவேண்டியவர்களிடம் சொல்லிவிட்டேன் என்று அவர் நம்பினார். மேடையிலிருந்து இறங்கும்போது லக்சாயினியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு விருந்து. ஊர்சினா அவளைப் பத்திரிகைக்காரர்களிடம் கூட்டிக்கொண்டு திரிந்தார். அரைமணி கழித்துத் தாயைத் தேடி வந்தபோது, ராஜேஸ்வரி ஒரு மூலையில் ஜியாலாலோடு இருந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. அவர் போனில் ஒரு பெண்பிள்ளையின் படத்தைக் காட்டினார். வலது கையை விரித்துத் தலைக்கு மேலே பிடித்தார். அதை அப்படியே கீழே இறக்கி, இடது உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். ராஜேஸ்வரி அவருடைய கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வாசலில் கோட்டைப் போடும்போது ராஜேஸ்வரி கேட்டாள். "அந்த மனிசன்ர பிள்ளை செத்துப்போச்சுதோ?"

"அம்மா, வாங்கோ, ட்ராம் வரப்போகுது."

"செத்துப்போச்சுதோ எண்டு கேட்டன்."

"ஓம்."

"அதை நீ மேடையில சொல்லேல்ல."

"அம்மாவுக்கு டொச்சே விளங்காது. இண்டைக்கு ஹிந்தியும் விளங்கினதோ?"

ராஜேஸ்வரி கோட்டுப் பொத்தானில் வைத்த கையை எடுக்கவில்லை. "எனக்கு டொச் விளங்காதுதான். கெஸ்டோர்பன் எண்ட சொல்லு மட்டும் விளங்கும் பிள்ளை. அப்பா செத்த அண்டைக்கு ஆஸ்பத்திரியில அந்தச் சொல்லைத்தான் எனக்குச் சொன்னவை, விளங்கேல்ல எண்டு மூண்டு தரம் சொன்னவை. நீ கதைச்ச நேரம் முழுக்க அந்தச் சொல்லு வருமெண்டு கேட்டுக்கொண்டு இருந்தனான். வரேல்ல."

"உங்களுக்கு இந்த உலகம் தெரியாது. பாக்டரியில இருபத்திரண்டு வருசம் லைன்ல நிண்டனீங்கள், உங்களிட்ட ஆர் என்ன கேட்டவை? ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. என்னட்டக் கேக்கினம். நான் யோசிச்சுத்தான் கதைக்க வேணும்."

தாய் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். ட்ராமில் தனியாகப் போய் வேறு இருக்கையில் இருந்தாள். பாசல் நிலையத்தில் "போறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற போன் வரவில்லை. லக்சாயினி எடுத்தாலும், "சாப்பிட்டியோ, சரி" என்பதோடு முடிந்தது.

ஜூலை முழுக்க லக்சாயினிக்கு நித்திரை சரியில்லை. ஓகஸ்டில் ஒரு திட்டம் எழுதினாள். உக்கிய கூரைமரம் உள்ள வீடுகளில் பாரம் குறைந்த கூரை போட அனுமதிக்கவேண்டும், நிறம் சாம்பலாக இருக்கலாம், எதிர்மலையிலிருந்து பார்த்தால் தெரியாது. பாரக் கணக்குகள், வரைபடங்கள் எல்லாம் இருந்தன. அப்படி எத்தனை வீடுகள் என்றும் எழுதியிருந்தாள். நாலு. உண்மையைச் சொல்லாமலே இதைச் சரிசெய்துவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

செப்டெம்பர்க் கூட்டத்தில் ஊர்சினா அதை முழுவதும் வாசித்திருந்தார். வாசித்தவராகத்தான் பேசினார்.

"நல்ல வேலை, லக்சாயினி. ஆனால் எனக்கு ஒரு சங்கடம். அந்த மனிதர் இங்கே வந்து, இருநூறு பேர் முன்னால், வீடு இப்படியே இருக்கவேண்டும் என்று கேட்டார். மகளுக்காகக் கேட்டார். பதிவு இருக்கிறது. நாங்கள் பாசலில் இருந்துகொண்டு, உங்களுக்கு அது நல்லதல்ல என்று அவருக்குச் சொல்வதா? ஊர்க்காரர்களின் குரலைக் கேட்கவேண்டும் என்று எப்போதும் சொல்பவர் நீங்கள்தானே?"

மேசையைச் சுற்றியிருந்த ஆறு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வசனம் போதும். அதைச் சொன்னால் பதவி போகும், பெயர் போகும். நாலு வீட்டுக் கூரைகளிலிருந்தும் கற்பலகை இறங்கும். லக்சாயினி திட்டத்தின் முதற்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லாவிட்டால் அவர் சொன்னதை நாங்கள் ஏதாவது தவறாக விளங்கிக்கொண்டோமா?" என்று ஊர்சினா கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

"இல்லை," என்றாள் லக்சாயினி. "சரியாகத்தான் விளங்கிக்கொண்டீர்கள்."

திட்டம் நிராகரிக்கப்பட்டது. எதிராக ஏழு வாக்கு. ஏழாவது வாக்கு அவளுடையது.

அந்தச் சனிக்கிழமை ஜியாலால் போன் எடுத்தார். மலையில் காற்று, குரல் விட்டுவிட்டு வந்தது. மழை நின்றுவிட்டது, கூரை வேலையைப் பனிக்குமுன் முடிக்கவேண்டும் என்றார்.

"தகரம் போட அனுமதி வந்ததா, லட்சுமி?"

"இல்லை. கூடாது என்றுவிட்டார்கள்."

"அழுதார்களே," என்றார். "நான் பார்த்தேனே. எழுந்து நின்றார்களே."

"ஓம்."

"எல்லாம் கேட்டுவிட்டுமா கூடாது என்றார்கள்?"

"கேட்டுவிட்டுத்தான்."

"என்ன மனிதர்கள்."

"அப்படித்தான் இங்கே," என்றாள் லக்சாயினி.

அவர் பெருமூச்சு விட்டார். "உன்னை நோகக்கூடாது. நீ ஒருத்திதான் எங்களுக்காகப் பேசினாய். ஊரில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இரு, அவள் தாய் உன்னோடு ஏதோ பேசவேண்டுமாம்."

போன் கைமாறியது. பிரேம்லதாவின் தாய் ஒருநாளும் அதிகம் பேசாதவள். லக்சாயினி தங்கியிருந்த நாட்களில் ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

"மகளே, ஒன்று கேட்கவேண்டும்," என்றாள். "அங்கே அவர்களுடைய மொழியில் என் பிள்ளை செத்ததைச் சொன்னபோது நீ அழுதாயா?"

"அழுதேன்," என்றாள் லக்சாயினி.

"அது போதும்," என்றாள் அந்தப் பெண். "நல்லாயிரு."