மடியில் வைத்த இடது கை

மனித இனம் பாடத் தொடங்கிய நாளிலிருந்து பாட்டைத் தாங்கி நிற்பது குரலும் அல்ல, வரிகளும் அல்ல, மெட்டும் அல்ல. அடியில் ஓடும் பேஸ் கிதார்தான். கட்டடத்துக்கு அஸ்திவாரம் போல, உடம்புக்கு முதுகெலும்பு போல. இந்த மாபெரும் உண்மையை நாலுகம்பி உலகத்துக்கு அறிவித்தது குளியலறைக் கதவுக்கு வெளியே, இடுப்பில் துண்டோடு நின்றபடி. உள்ளேயிருந்து மகள், "அப்பா, தலைக்கு ஷாம்பூ போட்டிருக்கேன். அப்புறமா கத்துங்க," என்றாள்.

பேஸ் கிதாருக்கு நான்கு கம்பி. அதை வாசித்தவருக்கும் அதுவே பெயராகிப்போனது. மேடையில், வாடகை வீட்டுக்காரரிடம், மகளின் பள்ளிக்கூடத்தில்கூட அவர் நாலுகம்பிதான்.

அன்று காலை அவருக்கு ரத்தம் கொதித்ததற்குக் காரணம் கைபேசியில் வந்த ஒரு பேட்டி. அவருடைய குழு வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டைத்தான் பிரபலமாக்கியது. அதன் தொடக்கத்தில் பேஸில் வரும் 'டும்... டுடும்... டும்' என்ற துண்டை மக்கள் ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள்; கடைத் திறப்பு விழாவில் அதைத்தான் போட்டார்கள். இப்போது அந்தப் பாட்டைத் தூசி தட்டி, புது அட்டை போட்டு, ஒரு பெரிய கச்சேரியோடு மறுபடி வெளியிடப்போகிறார்கள். பேட்டியில் குழுத்தலைவர் (பாடகரும் அவரேதான்) நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருந்தார்: "அந்தத் துடிப்பு எனக்குள்ளேருந்து வந்தது. நான் வாயால பாடிக் காட்டினேன். பசங்க அப்படியே வாசிச்சாங்க."

"பசங்களாம்! பசங்க! எனக்கும் அவனுக்கும் நாலு வயசு வித்தியாசம். நான்தான் மூத்தவன்!" நாலுகம்பி அடுப்படிக்குள் புகுந்தார். "வாயால பாடிக் காட்டினானாம். அவன் வாயால என்கிட்ட கேட்டதெல்லாம் லைட்டர்தான்!"

மனைவி டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். "விடுங்களேன். பாட்டு நல்லா இருக்கு, ஜனங்க கேக்கறாங்க. யாரு வாசிச்சா என்ன?"

"யாரு வாசிச்சா என்னவா? நீயா இப்படிப் பேசற? நீயும் அந்தக் குழுவுல இருந்தவதானே?"

"இருந்தேன். அதனாலதான் சொல்றேன்."

இருந்தாள் என்பது உண்மை. கீபோர்டு வாசித்தாள். ஆனால் அந்தக் கதைக்குக் கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

கீபோர்டு வாசிப்பவருக்கு இரண்டு கை. வலது கை மெட்டைப் பார்த்துக்கொள்ளும். இடது கை கீழ்ச்சுரங்களில், அதாவது பேஸ்காரரின் எல்லைக்குள், மெல்ல வேலி தாண்டும். நாலுகம்பி இதைப் பொறுக்க மாட்டார். முதல் குழுவை விட்டு வந்தார்: கீபோர்டுக்காரரின் இடது கை. இரண்டாவது குழு, ஹோட்டலில் வாசிப்பது, சாப்பாடு இலவசம். அதையும் உதறினார்: இடது கை. மூன்றாவதில் ஒரு ஒத்திகையின்போது எதிராளியின் இடது கை மேல் மைக் ஸ்டாண்டே விழுந்தது. தானாக விழுந்தது என்றுதான் இன்றுவரை சொல்கிறார். நான்காவது குழுவில் இந்தப் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு கண்டார். கீபோர்டு வாசித்தவளையே கல்யாணம் செய்துகொண்டார்.

"மேடையில இடது கையை மடியில வெச்சுக்கோ," என்பது புதுமணத் தம்பதிக்கு இடையே ஏற்பட்ட முதல் ஒப்பந்தம். அவளும் வைத்துக்கொண்டாள். குழுவின் பழைய புகைப்படங்கள் எல்லாவற்றிலும் அவள் பாதி வேலை பார்ப்பவள் போலத்தான் உட்கார்ந்திருப்பாள். மகள் பிறந்த பிறகு மேடையை விட்டாள். வீட்டு முன்னறையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தாள். அங்கேயும் பக்கத்து அறையிலிருந்து குரல் வரும்: "யாரது, இடது கை ஓவராப் போகுது!" ஏழு வயதுக் குழந்தை திடுக்கிட்டுக் கையை எடுத்துவிடும்.

இப்போது நாலுகம்பி கைபேசியை மேஜையில் தட்டினார். "நாளைக்கு ரெக்கார்டிங் ஸ்டுடியோவுல எல்லாரையும் கூப்பிட்டிருக்கான். வீடியோ எடுக்கறாங்களாம். போறேன். பழைய டிராக்கை எடுக்கச் சொல்றேன். மத்த எல்லாத்தையும் அடக்கிட்டு பேஸை மட்டும் போடச் சொல்றேன். கேமரா முன்னாடி! அப்ப தெரியும், நெஞ்சுலேருந்து வந்துதா, இந்த விரல்லேருந்து வந்துதான்னு."

மனைவி வடிகட்டியைக் கீழே வைத்தாள். "அதை மட்டும் செய்யாதீங்க."

"ஏன்?"

"சொன்னாக் கேளுங்க."

"ஊருல எனக்கு எதிரி வேற யாரும் வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இருக்கு."

அவள் முகம் இறுகியது. "சரி. போங்க. நானும் வரேன்."

"உன்னைக் கூப்பிடலையே?"

"ஆமா, கூப்பிடலை," என்றாள். அதைச் சொன்ன விதத்தில் டீ ஆறிப்போனது.

ஸ்டுடியோவில் பழைய கம்பளமும் புது ஏசியும் சேர்ந்த வாசனை. சுவரெல்லாம் முட்டை அட்டை போன்ற பஞ்சு. தலைவர் உள்ளே இருந்தும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். முகத்தில் பவுடர்.

"வாங்கண்ணே! அட, அண்ணியுமா? உக்காருங்க அண்ணி, டீ சொல்லட்டுமா?" என்றவர், கேமரா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இசைங்கறது ஒரு வேள்வி. இந்த அறையிலதான் அந்தத் தீ..."

"வேள்வியெல்லாம் அப்புறம்," என்றார் நாலுகம்பி. "அந்த 'டும் டுடும் டும்' யாருதுன்னு இப்பவே முடிவு பண்ணிடலாம். அட்டையில என் பேரு தனியா வரணும். வாசிச்சது மட்டும் இல்ல, உண்டாக்கினதும் நான்னு."

"அண்ணே, நான் பாடிக் காட்டினேன்..."

"நீ காட்டினது பல்லைத்தான்!"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் நாலுகம்பி கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ரெக்கார்டிங்காரரிடம் போய்விட்டார். அன்று பாட்டைப் பதிவு செய்தவரும் அவரேதான், முடிதான் கொட்டிவிட்டது.

"பழைய ஃபைல் இருக்கா?"

"இருக்கு சார்."

"மத்ததை எல்லாம் நிறுத்து. பேஸை மட்டும் போடு."

ரெக்கார்டிங்காரர் மவுஸைத் தொடவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தார். "வேணாம் சார். மிக்ஸ் பண்ணினதையே கேளுங்களேன், நல்லா இருக்கும்."

"ஏன்யா வேணாம்? உனக்கும் அவன் ஏதாவது பாடிக் காட்டிட்டானா?"

"போடுங்க," என்றார் தலைவர், கேமராவுக்குப் பக்கவாட்டு முகம் காட்டியபடி. "உண்மை வெளிய வரட்டும்."

"அக்கா?" என்றார் ரெக்கார்டிங்காரர்.

"போடுங்க தம்பி," என்றாள் மனைவி. "எத்தனை வருஷம்தான் மூடி வெக்கறது?"

பேஸ் மட்டும் ஒலித்தது. அது மாடு சேற்றில் நடப்பது போல இருந்தது. கூடவே தாளம் தவறாமல் தட்டும் மெட்ரோனோம் ஓடிக்கொண்டிருந்ததால் வாசிப்பு எவ்வளவு பின்தங்குகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. சுருதி கீழே, வெகு கீழே. 'டும் டுடும் டும்' எங்கேயும் வரவில்லை. கடைசியில் இளவயது நாலுகம்பியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "அடேங்கப்பா! இதுக்கு மேல ஒருத்தன் வாசிக்க முடியாது. பத்திரமா வை."

கேமராக்காரர் இருமினார்.

"இது... இது பாட்டுல இருக்கறது இல்லையே?" என்றார் நாலுகம்பி.

"இல்ல சார். அன்னிக்கே மியூட் பண்ணிட்டோம். நீங்க சுருதி பாக்க டியூனர் வேணாம்னுட்டீங்க. 'என் காதே டியூனர்'ன்னீங்க."

"அப்ப பாட்டுல வாசிக்கறது யாரு?"

ரெக்கார்டிங்காரர் வேறொரு டிராக்கைத் திறந்தார். டும்... டுடும்... டும். சுத்தமாக, துள்ளலாக, ரிங்டோனில் கேட்ட அதே ஒலி. "கீபோர்டுல பேஸ் சவுண்டு வெச்சு எடுத்தோம். மறுநாள் அக்கா தனியா வந்தாங்க. அவங்களே யோசிச்சு, அவங்களே வாசிச்சாங்க. இடது கை."

நாலுகம்பிக்கு அந்த நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பாட்டு வெளியானதும் கேட்டபோது ஏதோ வேறு மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "மிக்ஸிங்ல அப்படித்தான் சார் ஆகும்," என்றார்கள். சரி, அன்றைக்குக் கை நன்றாக ஓடியிருக்கிறது என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார். பிறகு அறையைச் சாத்திக்கொண்டு அந்த ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டு, தான் வாசித்ததாக நினைத்ததைத் தானே மனப்பாடம் செய்தார். கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பெருமையாக இருந்தது.

தலைவர் முதலில் தேறினார். "அண்ணி! நான் உங்ககிட்டதானே பாடிக் காட்டினேன், ஞாபகம் இருக்கா..."

"வாயை மூடுங்க," என்றாள் மனைவி. "நீங்க அன்னிக்கு போட்டோ எடுக்கப் போயிருந்தீங்க. எந்தப் பக்கம் திரும்பினா மூக்கு சின்னதாத் தெரியும்னு பாக்க. பாடிக் காட்டினாராம்! இன்னிக்கு என்னைக் கூப்பிடக்கூட ஞாபகம் இல்லை, டீ சொல்றாரு டீ!"

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க மட்டும் ஒழுங்கா? சொல்லியிருந்தா நாலாவது குழுவையும் உதறிட்டு வந்திருப்பீங்க. கல்யாணமான புதுசு. மூடிக்கிட்டேன். ஆனா அதுக்கப்புறமும் மேடைக்கு மேடை 'இடது கையை மடியில வை, மடியில வை'ன்னு! என் கையில நான் போட்டதைத் திருடி வாசிச்சுக்கிட்டு, என் கையையே மடியில வெக்கச் சொன்ன ஆளு நீங்க!"

"எனக்குத் தெரியாதே!"

"தெரியாததுதான் அசிங்கம்! நாலு கம்பி, ரெண்டு காது. உங்க வாசிப்பு எது, என் வாசிப்பு எதுன்னு அந்தக் காதுக்குத் தெரியலை!"

நாலுகம்பி நாற்காலியை உதைத்தார். அது சக்கரம் வைத்த நாற்காலி. அமைதியாக உருண்டுபோய்ச் சுவரில் பஞ்சு மேல் சாய்ந்துகொண்டது.

அட்டையில் அவள் பெயர் தனியாக வந்தது. தலைவர் ஒரு நாள் முறைத்தார். கேமராக்காரரிடம் எல்லாம் பதிவாகியிருந்ததால் அடங்கினார். கச்சேரிக்கு அவளையும் கூப்பிட்டார்கள். "வாசிப்பேன்," என்றாள், "ரெண்டு கையாலயும்."

"அப்ப நான் எதுக்கு?" என்று வீட்டில் நாலுகம்பி வெடித்தார்.

"அதை நீங்கதான் யோசிக்கணும்," என்றாள்.

"நானும் வாசிப்பேன். எவனும் என்னைத் தடுக்க முடியாது!"

கச்சேரி நாள் முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. ஒலி சரிபார்க்கும் நேரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே நின்றார். மேடை ஆட்கள் கிட்டே போகவே பயந்தார்கள். விளக்கு அணைந்ததும் படியேறி, கிதாரை வெடுக்கென்று மாட்டிக்கொண்டு, மனைவிக்கு முதுகைக் காட்டி நின்றார். டும்... டுடும்... டும். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. காலடி ஸ்பீக்கரில் ஒவ்வொரு சுரமும் கணீரென்று கேட்டது. நாலுகம்பி கண்ணை மூடிக்கொண்டார். இன்றைக்குக் கை நன்றாக ஓடுகிறது என்று நினைத்தார். அவள் இரண்டு கையால் வாசித்தால் என்ன, தன் பேஸ்தான் மேலே நிற்கிறது. கச்சேரி முடிந்து தலை குனிந்து வணக்கம் சொன்னபோதுதான் கீழே பார்த்தார்.

கிதாரின் வயர் அவர் காலடியில் சுருட்டியபடியே கிடந்தது. அதை அவர் எதிலும் செருகியிருக்கவில்லை.