இரண்டாம் பிரிவின் ஒரே பந்து

1

இந்தக் கதைக்குக் காரணம் பொங்கியண்ணன். அடிவாரத்து ஆள். என் வீட்டுக்காரர் சென்றாயனின் காரியம் முடிந்த மறுவாரம் துக்கம் விசாரிக்க பஸ் ஏறி வந்தார். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாராம். முகம் கழுவி, காப்பியைக் கையில் வாங்கிய பிறகுதான் வந்த வேலையைச் சொன்னார்.

"ஏனுங்க அம்மிணி, இனியாச்சும் அந்தப் பந்தக் குடுங்க. மேட்ச்ச முடிச்சுப்போடலாம்."

"இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்று உள்ளே வந்துவிட்டேன். எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும். அவர் வாசலில் இருக்கிறார். காப்பி ஆறுவதற்குள் முடிக்க வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று: "1939ஆம் ஆண்டு, கொல்லிமலையில் முகில் தவழ்ந்த ஒரு பொன்மாலைப்

அடித்துவிட்டேன். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.

தொடக்கம் இரண்டு: "சென்றாயன் நிகரற்ற ஆட்டக்காரர்." இதையும் அடித்தேன். அவர் பந்தை உதைத்ததைவிட எதிராளியின் முழங்காலை உதைத்ததுதான் அதிகம்.

சரி, வரலாறாகவே சொல்கிறேன். எங்கள் லீக்குக்கு இரண்டாம் பிரிவு என்று பெயர். முதல் பிரிவு சேலத்தில் இருப்பதாகச் சொன்னார்கள், பார்த்தவர் யாருமில்லை. மலைமேல் எங்கள் வாழவந்தி நாடு, திருப்புலி நாடு என்று இரண்டு அணிகள், கீழே மூன்று. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பந்து.* கடைசி இடத்துக்கு வரும் அணியை நீக்கிவிடுவார்கள். மூன்றாம் பிரிவு கிடையாது. இரண்டாம் பிரிவுக்குக் கீழே சாமைக் காடுதான்.

(* மாற்றலாகிப் போன ஒரு ரேஞ்சர் அன்பளிப்பாகக் கொடுத்தது. மறந்து வைத்துவிட்டுப் போனது என்றும் பேச்சு உண்டு.)

3

வாழவந்தி நாட்டு மைதானம் சரிவு. (மைதானம் என்பதும் ஒரு மரியாதைக்குத்தான்.) கோட்டைத் தாண்டிய பந்து நிற்காது, உருண்டு ஓடைக்குப் போய்விடும். அதனால் பந்து வெளியே போனால் பதினொரு பேரும் ஓடி மறிப்பது எங்கள் வழக்கம். எதிரணியும் கூடவே ஓடும். மறித்த பிறகு எல்லோரும் உட்கார்ந்து பலாச்சுளை தின்பார்கள். அப்புறம் ஆட்டம்.

இந்தப் பழக்கத்தோடு சமவெளிக்கு இறங்கினார்கள். அங்கே பந்து கோட்டைத் தாண்டி நாலடி உருண்டு சாதுவாக நின்றது. எங்கள் ஆட்கள் கோல்கீப்பர் உட்பட அதைச் சூழ்ந்து நின்றார்கள். அடிவாரத்தார் பந்தை எடுத்து அவர்கள் தலைக்கு மேலே எறிந்து, ஆளில்லாத கோலில் அடித்தார்கள்.

"அது எங்கீம் போவாதுங்க சாமி! இது தரை!" என்று பொங்கியண்ணனே இரக்கப்பட்டுக் கத்தினாராம்.

அடுத்த ஆட்டத்திலும் அப்படியே ஒரு கோல் வாங்கினோம். அதற்கடுத்ததிலும்.

4

கடைசி ஆட்டம் பொங்கியண்ணன் அணியோடு, கீழே. தோற்றால் நாங்கள் நீக்கம். தலைவர் மாணிக்கம் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்: பந்து வெளியே போனால் ஒருவரும் ஓடக் கூடாது.

எனக்கும் சென்றாயனுக்கும் அப்போதுதான் பேசி முடித்திருந்தார்கள். மிளகுக் கூடையைச் சந்தையில் இறக்கிவிட்டு, பொழுதோடு மலை ஏற வேண்டுமென்று கிளம்பியவள், ஒற்றையடிப் பாதையின் முதல் திருப்பத்தில் நின்று பார்த்தேன். இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்தோம். ஆட்டத்தை முடிக்க நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். அப்போது பொங்கியண்ணன் ஓங்கி உதைத்த பந்து வெளியே போனது. பத்துப் பேர் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு நின்றார்கள். சென்றாயன் ஓடினார்.

"உடுறா சென்றாயா! அது நிக்குமுடா!"

மாணிக்கம் சொன்னபடியே பந்து நின்றது. சென்றாயன் நிற்கவில்லை. பந்தை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறினார்.

[இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம். திட்டம் போட்டா ஓடினார்? கல்யாணமாகி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "காலு நிக்கல புள்ள" என்பார். மறுநாளே, "ஓடக் கூடாதுன்னுதான் சத்தியம். தூக்கிட்டுப் போவக் கூடாதுன்னு யாரு சொன்னா?" என்பார்.]

நான் நின்ற திருப்பத்துக்கு வந்தவரிடம், "மேட்ச்சு என்னாச்சுங்க?" என்றேன்.

"நடக்குது, புள்ள." முந்திப் போய்விட்டார்.

வேறு பந்து இல்லை. பந்து இல்லாமல் ஆட்டத்தை முடிக்க நடுவருக்கு மனம் வரவில்லை. முடியாத ஆட்டத்தில் தோற்றவர் யார்? எங்களை நீக்க முடியவில்லை. அடுத்த ஆட்டமும் நடக்கவில்லை. பிறகு யுத்தம் வந்தது. இரண்டாம் பிரிவில் வாழவந்தி நாடு இன்றைக்கும் இருக்கிறது.

5

முடிவு அ: பந்து இல்லை என்று சொல்லிவிடலாம். பந்துத் தோலில் நான் விதைச் சாமை கட்டித் தொங்கவிட்டிருப்பதை வரும்போதே அவர் பார்த்துவிட்டார்.

முடிவு ஆ: கொடுத்துவிடலாம். சட்டைப்பையில் விசில் வைத்திருக்கிறார், காட்டினார். ஊதுவார். இரண்டுக்கு ஒன்று. இத்தனை வருஷம் கழித்து, எங்கள் பக்கம் ஆடியவர் ஒருவர்கூட இல்லாத நேரத்தில் நாங்கள் தோற்போம்.

தோற்பது பெரிதில்லை. குழியில் மண் தள்ளியபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. மனிதர் முந்திப் போயிருக்கிறார் என்றுதான் தோன்றியது. விசில் ஊதிவிட்டால் அப்படி

"அம்மிணி, காப்பி ஆறிப்போச்சுங்க."

"வேற கொண்டாரட்டுங்களா?"

"காப்பி கெடக்குதுங்க. எங்காளுகளும் எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. நானும் போயிட்டா இத ஊதறதுக்கு ஆளில்லீங்க."

அவருக்கும் அழுகை இதுவரை வரவில்லை போலிருக்கிறது.

விதையை முறத்தில் கொட்டிவிட்டேன். தோல் மடியில் கிடக்கிறது, எடையே இல்லை. வாசலில் விசில், உள்ளே பந்து. கதவு, இதை வாசிக்கிற உங்கள் பக்கம்தான் திறக்கும்.

"என்னுங்க அம்மிணி, மேட்ச்சு?"

"நடக்கு